ஒரு ரூபாய்ச் சம்பளத்திலிருந்து ஹைகோர்ட் வரை

(பி.ஏ. வரலாறு, 1976–79 அணியைச் சேர்ந்த ஒரு பழைய மாணவர், மாவட்ட நீதிபதி, ஓய்வு)

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசி வந்தபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியோ என்.எஸ்.எஸ். முகாமைப் பற்றியோ எழுதச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. இப்போது படிக்கிற பிள்ளைகளில் நாலைந்து பேர் சட்டம் படிக்க ஆசைப்படுகிறார்களாம். ஹைகோர்ட் என்றால் என்ன, அதற்கு ஜட்ஜை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், நம்மைப் போன்ற ஊர்ப்புறத்துப் பிள்ளைகள் அங்கே போய் உட்கார முடியுமா என்றெல்லாம் கேட்கிறார்களாம். அதற்கு நான் பதில் எழுத வேண்டுமாம். இருபத்தெட்டு வருஷம் கீழ்க்கோர்ட்டுகளில் இருந்துவிட்டு, ஹைகோர்ட் நீதிபதி ஆகாமலே ஓய்வு பெற்றவனிடம் இதைக் கேட்பது, பந்திக்குப் பிந்தியவனிடம் பாயசத்தின் ருசியைக் கேட்பது மாதிரிதான். இருந்தாலும் நண்பர்கள் சொல்லைத் தட்ட முடியவில்லை.

சட்டப் பிரிவுகளை வரிசையாக எழுதினால் நீங்கள் யாரும் படிக்க மாட்டீர்கள். எனக்கே படிக்கப் பிடிக்காது. ஆகவே ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் கேள்விக்குப் பதிலும் வந்துவிடும். அவர் சர் தி. முத்துசாமி ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. பிறந்தது 1832, மறைந்தது 1895.

தெருவிளக்குக் கதை

இந்தப் பெயரைக் கேட்டதும் நம்ம வயசுக்காரர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வரும். தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்துப் பெரிய ஆளானவர்! பரீட்சையில் மார்க் குறைந்தால் வாத்தியாரும் அப்பாவும் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவார்கள். எங்கள் தெருவில் விளக்கே கிடையாது என்று நான் ஒருமுறை பதில் சொல்லி, அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தெருவிளக்குக் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிற கதை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கதையோடு நிறுத்திக்கொண்டால், கஷ்டப்பட்டுப் படித்தார், ஜட்ஜ் ஆனார் என்று இரண்டே வரியில் விஷயம் முடிந்துவிடுகிறது. நடுவில் இருக்கிற வருஷங்களை யாரும் சொல்வதில்லை. கஷ்டப்பட்டுப் படித்த எல்லாரும் ஜட்ஜ் ஆகிவிடுகிறார்களா என்ன? அதனால் விளக்கை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்குத் திறந்த கதவுகளைப் பார்ப்போம்.

தஞ்சாவூர்ச் சீமையில் உச்சுவாடி என்கிற சிறிய ஊரில், ஏழைப் பிராமணக் குடும்பத்தில் 1832-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி பிறந்தார். சின்ன வயசிலேயே தகப்பனார் போய்விட்டார். தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிழைப்புக்காகத் திருவாரூருக்கு வந்தார். பையனுக்குப் பதினாலு வயசு ஆகும்போது கிராமக் கணக்கருக்கு உதவியாளாக ஒரு வேலை. மாசச் சம்பளம் ஒரு ரூபாய். அதற்குக் கொஞ்ச நாளில் தாயாரும் காலமாகிவிட்டார். பின்னாளில் நீதிபதியாகி எத்தனையோ அநாதைச் சிறுவர்களின் சொத்து வழக்குகளைக் கேட்டிருப்பார். தமக்கென்று வழக்குப் போட ஒரு குழி நிலம்கூட இல்லாமல் அநாதையாக நின்றவர்தான் அவரும்.

அந்தச் சமயத்தில் திருவாரூரில் தாசில்தாராக இருந்தவர் பெயரும் முத்துசாமிதான், முத்துசாமி நாயக்கர். ஒருநாள் ஆற்றங்கரை உடைத்துக்கொண்டது என்று ஆள் ஓடிவர, விவரம் சொல்ல வேண்டிய குமாஸ்தா அங்கே இல்லையாம். பக்கத்தில் இருந்த இந்தப் பையன் எங்கே உடைப்பு, எவ்வளவு சேதம் என்று விசாரித்துக் கணக்காகச் சொன்னானாம். தாசில்தார் பிறகு விசாரித்துப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்ததாம். இதுவும் செவிவழிக் கதைதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது பதிவான விஷயம். நாயக்கர் இந்தப் பையனைப் படிக்க வைக்க வேண்டும் என்று தீர்மானித்து, தன் உறவுக்காரப் பிள்ளைக்குத் துணையாகச் சென்னைக்கு அனுப்பினார். வேறு சாதி, வேறு குடும்பம், கைம்மாறாக எதையும் எதிர்பார்க்க முடியாத ஒரு ஏழைப் பையன். அந்தத் தாசில்தாரைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. அவருக்குச் சிலை கிடையாது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் முதல் மரியாதை அவருக்குத்தான்.

சென்னையில் பவல் துரை என்கிற தலைமையாசிரியரிடம் படிப்பு. இன்றைய மாநிலக் கல்லூரியின் முதல் பிரின்ஸிபாலும் அந்தப் பவல்தான். வருஷா வருஷம் பரிசு, உதவித்தொகை. 1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினார். மாசம் ஒரு ரூபாய் வாங்கிய பையனுக்கு அது நாற்பது வருஷச் சம்பளத்துக்கும் மேலே! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முன்சீப்பிலிருந்து மாஜிஸ்திரேட் வரை

படிப்பு முடிந்ததும் பெரிய பதவி ஒன்றும் காத்திருக்கவில்லை. தஞ்சாவூர்க் கலெக்டர் ஆபீஸில் ரிக்கார்டு கீப்பர் வேலை. பிறகு பள்ளிக்கூடங்களுக்கு டெபுடி இன்ஸ்பெக்டர். வக்கீல் தொழிலுக்கும் முன்சீப் பதவிக்கும் அரசாங்கம் ஒரு பரீட்சை வைத்தது, அதில் தேறினார். தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். அப்புறம் டெபுடி கலெக்டர். 1865-இல் தென்கன்னட ஜில்லாவுக்குச் சப்-ஜட்ஜ். அதாவது மங்களூர்ப் பக்கம். 1868-இல் சென்னைப் பட்டணத்தில் போலீஸ் மாஜிஸ்திரேட்.

இந்த இடத்தில் மாணவத் தம்பி தங்கைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்சீப் வேலையும் பார்த்தாயிற்று, சப்-ஜட்ஜ் வேலையும் பார்த்தாயிற்று. அதுவரை அவரிடம் சட்டப் பட்டம் கிடையாது. மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே மாநிலக் கல்லூரியில் சட்டம் படித்து பி.எல். பட்டம் வாங்கினார். கிட்டத்தட்ட நாற்பது வயசு. தெருவிளக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். விளக்கு இல்லாதவன் படிப்பது ஆச்சரியம் என்றால், விளக்கும் விசிறியும் வந்த பிறகும் படிப்பது அதைவிட ஆச்சரியம் இல்லையா?

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது நடந்த ஒரு சம்பவம் வக்கீல்கள் மத்தியில் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் வளாகத்துக்குள் நுழைந்த ஓர் இந்தியனை அடித்துவிட்டார். அடிபட்டவன் புகார் கொடுத்தான். புகார் முத்துசாமி ஐயர் முன்னால் வந்தது. அவர் ஹைகோர்ட் ஜட்ஜுக்கே சம்மன் அனுப்பிவிட்டார். பெரிய மனுஷர், நேரில் வர வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று தலைமை மாஜிஸ்திரேட் கருதினார். இவர் அசைந்து கொடுக்கவில்லை. விசாரணையை நடத்தி மூன்று ரூபாய் அபராதம் விதித்தார்.

மூன்று ரூபாய். துரைக்கு அது ஒரு தொகையே இல்லை. ஆனால் அடித்தவரும் அடிபட்டவனும் ஒரே சட்டத்தின் முன்னால் நின்றார்கள் என்பது கோர்ட் ரிக்கார்டில் ஏறிவிட்டது. பதவியில் தனக்கு மேலே, எத்தனையோ படி மேலே இருக்கிறவர் மீது அந்தத் தீர்ப்பை எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள். தன் எதிர்காலமே அந்த ஹைகோர்ட்டின் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

என் கதை ஒரு பக்கம்

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. பழைய மாணவர்கள் சந்திப்பு என்றால் மனசைத் திறப்பதுதானே வழக்கம்.

1990-இல் சர்வீஸில் சேர்ந்தேன். முதல் ஊரில் முன்சீப் வேலையும் மாஜிஸ்திரேட் வேலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் மீது டீக்கடைக்காரர் ஒருவர் அடிதடிப் புகார். எதிரி நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு வேண்டும் என்று மனு வந்தது. சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை. முதல் நாள் மாலையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, புது ஊர், புது ஆபீசர், அனுசரித்துப் போனால் நல்லது என்கிற தோரணையில் ஏதோ பேசிவிட்டுப் போனார். மிரட்டல் என்று சொல்ல முடியாது. மறுநாள் மனுவை அனுமதித்தேன். எதிர்த்தரப்பை ஒரு வார்த்தை சரியாகக் கேட்காமலே அனுமதித்தேன்.

டீக்கடைக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார். கடையை மூடிவிட்டு வந்து வராந்தாவில் சாயந்தரம் வரை நின்றுகொண்டிருப்பார். எதிரி ஒருநாளும் வரவில்லை. ஐந்தாறு வாய்தாவுக்குப் பிறகு ராஜியாகப் போகிறோம் என்று இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு முடிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார் அந்த மனுஷர். அந்தக் கும்பிடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முத்துசாமி ஐயர் கதை எனக்கு அப்போதே தெரியும். ஜூனியர் வக்கீலாக இருந்தபோதே சீனியர் சொல்லியிருக்கிறார். தெரிந்தும் செய்யவில்லை. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமும் விலக்கு மனு எது வந்தாலும், புகார்தாரர் வராந்தாவில் நிற்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

ஹைகோர்ட்டின் கதவு

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1862-க்கு முன்னால் சென்னையில் இரண்டு வகைக் கோர்ட்டுகள். பட்டணத்துக்கு 1801-இல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட். அதில் ராஜாவின் பெயரால் நியமிக்கப்பட்ட பாரிஸ்டர்கள். மொபசல் வழக்குகளுக்குச் சதர் அதாலத். அதில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டையும் ஒன்றாக்கி, 1862-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடத்திலும் ஹைகோர்ட் வந்தது. பட்டணத்து வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் ஒரிஜினல் ஸைடு, மற்ற ஜில்லாக்களின் அப்பீல்களைக் கேட்கும் அப்பெல்லேட் ஸைடு என்கிற பிரிவினை அப்போது வந்ததுதான். பழைய இரண்டு கோர்ட்டுகளும் ஒரே கூரையின் கீழே வந்த அடையாளம் அது.

யார் ஜட்ஜ் ஆகலாம்? அந்த 1861 சட்டமே பங்கு பிரித்து வைத்திருந்தது. தலைமை நீதிபதியையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்காவது பாரிஸ்டர்கள் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது சிவில் சர்வீஸ்காரர்கள் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டுமே சீமைக்குப் போனால்தான் கிடைக்கும். மிச்சம் இருந்த இடத்துக்குத்தான் பத்து வருஷம் வக்கீலாக இருந்தவர்களும், சப்-ஜட்ஜுக்கு நிகரான பதவியிலோ ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜாகவோ ஐந்து வருஷம் இருந்தவர்களும் வரலாம். பெரிய வீட்டில் இரண்டு வாசற்கதவு துரைமார்களுக்கு. கொல்லைப்புறக் கதவு நம்மவர்களுக்கு. அதுவும் திறக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முத்துசாமி ஐயர் மாஜிஸ்திரேட் பதவிக்குப் பிறகு சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தார். மங்களூரில் சப்-ஜட்ஜாகவும் இருந்திருக்கிறார். ஆக, அந்தக் கொல்லைப்புறக் கதவுக்கு வேண்டிய தகுதி அவரிடம் இருந்தது. கல்கத்தா ஹைகோர்ட்டில் 1863-லேயே சம்புநாத் பண்டிட் உட்கார்ந்துவிட்டார். சென்னையில் பதினாறு வருஷம் ஓர் இந்தியரும் கிடையாது. 1878-இல்தான் முத்துசாமி ஐயருக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

கிடைத்ததும் சென்னையிலிருந்த ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் எதிர்ப்புக் கிளப்பின. அவருடைய தீர்ப்புகளில் தவறு இருக்கிறது என்று அல்ல, அந்த இடத்தில் ஓர் இந்தியர் உட்காரலாமா என்பதுதான் பிரச்சினை. நம் பக்கத்தில் பதில் சொல்லப் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் சட்ட மாணவர்கள் நால்வரும், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி எண்பது பிரதிகள் அச்சடித்தார்கள். அதுதான் தி ஹிந்து பத்திரிகை. காலையில் காபியோடு நாம் பார்க்கிற பத்திரிகை பிறந்ததே ஒரு ஹைகோர்ட் நியமனச் சண்டையில்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பதினேழு வருஷம்

ஒரு நீதிபதியின் வாழ்க்கையைச் சுவாரசியமாக எழுதுவது கஷ்டம். காலையில் கோர்ட்டுக்குப் போனார், வழக்குக் கேட்டார், சாயந்தரம் தீர்ப்பு எழுதினார். மறுநாளும் அதேதான். முத்துசாமி ஐயர் பதினேழு வருஷம் அதைச் செய்தார். சொத்து, தத்து, பாகப்பிரிவினை, கோயில் உரிமை, மலையாளத் தரவாட்டு வழக்குகள் என்று எல்லாம் அவர் முன்னால் வந்தன. அவருக்கும் கூட இருந்த துரைமார்களுக்கும் வித்தியாசம் என்னவென்றால், கணக்கர் ஏடும் பட்டாவும் அடங்கலும் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரியும். ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது.

இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சென்னைத் தொகுதிகள் 1876-இலிருந்து வருகின்றன. ஜூனியராக இருந்தபோது பார் அசோசியேஷன் நூலகத்தில் அந்தப் பழைய தொகுதிகளைப் புரட்டியிருக்கிறேன். தூசியில் தும்மல்தான் முதலில் வரும். அவருடைய தீர்ப்புகளில் ஆடம்பரம் கிடையாது. இரண்டு தரப்பும் என்ன சொல்கிறது, சாஸ்திரம் என்ன, வழக்கம் என்ன, முந்தின தீர்ப்பு என்ன, ஆகவே முடிவு என்ன என்று படிப்படியாகப் போவார். தோற்றவனுக்கும் தான் ஏன் தோற்றோம் என்று புரிய வேண்டும். அந்த வகைத் தீர்ப்பு அது.

ஹைகோர்ட் நீதிபதி தனி ஆளாகவும் உட்காருவார். இருவர் சேர்ந்த டிவிஷன் பெஞ்சிலும் உட்காருவார். முக்கியமான சட்டப் பிரச்சினை என்றால் மூன்று பேருக்குக் குறையாத ஃபுல் பெஞ்ச். அன்றைக்கு இருந்த இந்த ஏற்பாடு இன்றைக்கும் இருக்கிறது. பெஞ்சில் கூட உட்காருகிறவரோடு ஒத்துப்போக வேண்டும் என்று விதி கிடையாது. மாறுபட்டால் தனியாக எழுதலாம். 1891-இல் மலபார்த் திருமண முறையைப் பற்றி ஆராய அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. தலைவர் முத்துசாமி ஐயர். அங்கேயும் பெரும்பான்மையோர் கருத்து ஒரு பக்கம் இருக்க, தலைவரே தனிக் குறிப்பு எழுதினார். பெரும்பான்மையோடு போய்விட்டால் நல்ல பெயர் என்று அவர் நினைக்கவில்லை.

1893-இல் தலைமை நீதிபதி விடுப்பில் போனபோது சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவரே. அதே வருஷம் சர் பட்டமும் வந்தது. 1892-இல் திறக்கப்பட்ட புதுக் கட்டிடத்தில், இன்றைக்கும் நாம் பார்க்கிற அந்தச் சிவப்புக் கோபுரக் கட்டிடத்தில், இரண்டரை வருஷம் உட்கார்ந்தார். 1895 ஜனவரி 25-ஆம் தேதி, அறுபத்து மூன்று வயசு நிறைய மூன்று நாள் இருக்கும்போது காலமானார். பதவியில் இருக்கும்போதே. அவருடைய இடத்துக்கு எஸ். சுப்பிரமணிய ஐயர் நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் இடத்துக்கு மறுபடியும் இந்தியர். கதவு மூடிக்கொள்ளவில்லை.

மூடாத கதவும் நுழையாதவர்களும்

புகழ்ந்துகொண்டே போனால் மலர்க் கட்டுரை ஆகிவிடும், உண்மை ஆகாது. திறந்த கதவு வழியாக அடுத்த பல பத்தாண்டுகள் உள்ளே போனவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பட்டணத்துப் பெரிய வக்கீல்கள், அதிலும் சில வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். பெண்கள் வக்கீல் தொழில் செய்யவே 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. பாரிஸ்டர், சிவில் சர்வீஸ் பங்குக் கணக்கை 1935-ஆம் ஆண்டுச் சட்டம்தான் எடுத்தது. 1948-இல் பி.வி. ராஜமன்னார் நிரந்தரத் தலைமை நீதிபதியான முதல் இந்தியர் ஆனார். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து ஏ. வரதராஜன் சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது 1973-இல். முத்துசாமி ஐயருக்குப் பிறகு தொண்ணூற்றைந்து வருஷம். அவரும் கீழ்க்கோர்ட்டுகளில் படிப்படியாக வந்தவர்தான். 1980-இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதியும் ஆனார்.

இன்றைய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் 217-ஆவது பிரிவுப்படி, பத்து வருஷம் ஹைகோர்ட் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். அல்லது பத்து வருஷம் நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும். இதற்குப் பரீட்சை கிடையாது, மனுப் போடவும் முடியாது. ஹைகோர்ட் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் பெயர்களைப் பரிந்துரைப்பார்கள். மாநில அரசின் கருத்தோடு அது டில்லிக்குப் போகும். உளவுத்துறை விசாரிக்கும். சுப்ரீம் கோர்ட்டில் இந்தியத் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் பார்த்து முடிவு சொல்வார்கள். கடைசியில் ஜனாதிபதி உத்தரவு. இதைத்தான் கொலீஜியம் என்கிறார்கள். இந்த அதிகாரம் நீதிபதிகளிடம் வந்தது 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பினால். அதை மாற்ற நாடாளுமன்றம் ஓர் ஆணையம் அமைத்துச் சட்டத் திருத்தம் செய்தது. 2015-இல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. நீதிபதியை நீதிபதியே தேர்ந்தெடுப்பதா என்று ஒரு கட்சி. அரசாங்கம் தேர்ந்தெடுத்தால் அரசாங்கத்துக்கு எதிராக யார் தீர்ப்புச் சொல்வார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

சென்னை ஹைகோர்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 75. மதுரைக் கிளை 2004-இல் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு வக்கீல்களிலிருந்தும், ஒரு பங்கு மாவட்ட நீதிபதிகளிலிருந்தும் எடுப்பது வழக்கம். முத்துசாமி ஐயர் காலத்தில் மகாராணியின் விருப்பம் உள்ளவரைதான் பதவி. இன்றைக்கு 62 வயசு வரை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால் ஒழிய யாரும் நீக்க முடியாது.

நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். முப்பத்திரண்டு வயசில் சர்வீஸில் சேர்ந்தேன். சீனியாரிட்டி வரிசையில் என் முறை வருவதற்குள் அறுபது வந்துவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. சட்டம் படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் புத்தி: சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுதுவதென்றால் தள்ளிப்போடாமல் சீக்கிரம் எழுதுங்கள்!

வெறும் கால்

ஹைகோர்ட் கட்டிடத்துக்குள் முத்துசாமி ஐயருக்கு ஒரு வெள்ளைப் பளிங்குச் சிலை இருக்கிறது. தலைப்பாகையோடு உட்கார்ந்திருப்பார். காலில் செருப்பு இருக்காது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேலையாகப் போனபோது அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வக்கீல்கள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அந்தக் காலத்தில் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். அந்த மனிதரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது அவருடைய படிப்பு மட்டும் இல்லை. ஏழைப் பையன் ஒருவனைக் கவனித்த ஒரு தாசில்தார், ஒரு தலைமையாசிரியர், கடன் வாங்கிப் பத்திரிகை போட்ட ஆறு இளைஞர்கள் எல்லாரும் சேர்ந்துதான். நம் கல்லூரியில் படித்தவர்களில் தாசில்தார்கள் இருக்கிறீர்கள், தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸிலோ பள்ளியிலோ ஒரு ரூபாய்ச் சம்பளத்துப் பையனோ பெண்ணோ நிச்சயம் இருக்கும். கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே! நீங்கள் ஹைகோர்ட்டுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், வராந்தாவில் நிற்கிறவரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூன்று ரூபாய் அபராதம் போடத் துணிச்சல் வேண்டிய நாள் எல்லாருக்கும் ஒருநாள் வரும். எனக்கு வந்தது, தவறவிட்டேன். நீங்கள் தவறவிடாதீர்கள்.

அனைவருக்கும் என் வணக்கமும் வாழ்த்தும். மதியம் பந்தியில் சந்திப்போம். இந்த முறையாவது முதல் பந்தியில் உட்காருகிறேன்.